ஆனந்தவனமும் கொள்ளிடக்கரையும்

காசி மாநகருக்கு ஆனந்தவனம் என்றொரு பழம்பெயர் உண்டு. அப்பெயரையே ஆங்கிலத்தில் ஆக்கி, 'ஃபாரஸ்ட் ஆஃப் பிளிஸ்' என்னும் தலைப்பில் அமெரிக்கரான ராபர்ட் கார்ட்னர் 1986-ஆம் ஆண்டு ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டார். 90 நிமிடங்கள் ஓடும் இப்படம், கங்கைக் கரையின் எரிதுறைகளைச் சுற்றி ஒரு விடியலிலிருந்து மறு விடியல் வரை நிகழ்வனவற்றைக் காட்டுகிறது. இறந்தோர்க்கான இந்துச் சடங்குகளைப் படமாக்கிய முயற்சிகளுள் இதனைப் போல் பாராட்டும் கண்டனமும் ஒருங்கே பெற்றவை மிகச் சிலவே. இதனை நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் ஆற்றங்கரைகளில் நின்று பார்த்தால் எப்படித் தோன்றும்? இக்கேள்வியே நம்மை எழுதத் தூண்டியது.

தொலைதூரத்துப் படமொன்றைப் பற்றி இப்போது பேசுவானேன் என்று வாசகர் கேட்கலாம். அயலார் வீட்டுத் துக்கத்திற்குச் செல்லாத கத்தோலிக்கக் குடும்பம் நம் ஊர்களில் இல்லை. மாலையோடு போகிறோம், தெருமுனை வரையோ சுடுகாடு வரையோ உடன் நடக்கிறோம், பதினாறாம் நாள் ஆற்றங்கரைக்கும் அழைக்கப்படுகிறோம். இன்று அங்கே போகும் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் படமெடுக்கும் கருவி இருக்கிறது. கார்ட்னருக்கு முன் நின்ற கேள்வி நம் இளைஞர்களுக்கு முன்னும் நிற்கிறது. வேறுபாடு ஒன்றுதான்: அவர் அதைப் பற்றிப் பல்லாண்டுகள் சிந்தித்தார்.

முதலில் நம் கரையைச் சொல்லிவிடுவோம். அரியலூர் மாவட்டத்தின் தென்னெல்லையாகக் கொள்ளிடம் ஓடுகிறது, வடக்கே வெள்ளாறு. இடையில் மருதையாறு பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்து கொள்ளிடத்தில் சேர்கிறது. இம்மூன்றிலும் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரை விட மணலே மிகுதி. திருமழபாடியில் கொள்ளிடம் வடக்கு நோக்கித் திரும்புவதால் அத்துறைக்குத் தனிப் புனிதம் உண்டென்பது மக்கள் நம்பிக்கை. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் முன்னோர்க்கு எள்ளும் நீரும் இறைப்போர் அங்கே கூடுவர். ஆறு எட்டாத உட்கிராமங்களில் ஏரிக்கரையோ குளக்கரையோ அந்த இடத்தைப் பெறுகிறது. நீர் வற்றிய கோடையில் மணலில் ஊற்றுத் தோண்டி, அதில் சுரக்கும் நீரைக் கொண்டே காரியத்தை முடித்துக்கொள்வதும் உண்டு.

அங்கே நிகழ்வதைக் கண்டவர் அறிவர். கொள்ளிக்குடம் தோளேறி மும்முறை சுற்றிவரும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு துளை விழும். நீர் பின்னால் ஒழுகிக்கொண்டே வரும். குடம் முதுகுப்புறம் விழுந்து உடையும். மகன் திரும்பிப் பாராமல் கொள்ளி வைத்துவிட்டு நடப்பான். மறுநாளோ மூன்றாம் நாளோ பால் தெளித்து எலும்பைப் பொறுக்கி ஆற்றில் கரைப்பர். பதினாறாம் நாள் கருமாதியன்று கரையில் கல் நிறுத்தி, இறந்தவரை அதில் இருத்தி, சோறு படைத்துக் காக்கையை அழைப்பர். மழித்த தலையோடு குளித்து வரும் மகனுக்குத் தாய்மாமனோ மைத்துனனோ உருமால் கட்டுவார். குலத்துக்குக் குலம், ஊருக்கு ஊர் வரிசை மாறும். மாறாதது ஒன்று: செய்பவர் யார், வாங்குபவர் யார், தொடக்கூடியவர் யார், தொடக்கூடாதவர் யார் என்பது உறவால் தீர்மானிக்கப்படுகிறது. கோடித் துணி யார் வீட்டிலிருந்து வந்தது என்பதில் ஒரு குடும்பத்தின் வரலாறே அடங்கியிருக்கும். படத்தில் அது வெறும் வெள்ளைத் துணி.

இனிக் கார்ட்னரின் படத்திற்கு வருவோம். அதில் பின்னணி விளக்கக் குரல் இல்லை. பேசுவோரின் பேச்சுக்கு மொழிபெயர்ப்பு வரிகளும் இல்லை. கவிஞர் யேட்ஸ் பங்கேற்ற மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்த உபநிடத வரி ஒன்று மட்டும் தொடக்கத்தில் எழுத்தில் தோன்றும். பிறகு காட்சியும் ஒலியுமே. மூங்கிலை அறுத்துப் பாடை கட்டுகிறார்கள், சாமந்திப் பூக்களைப் பறித்து மாலை தொடுக்கிறார்கள், விறகு படகில் வந்து இறங்கித் தராசில் ஏறுகிறது, துடுப்பு நீரில் முனகுகிறது, நாய்கள் சண்டையிடுகின்றன, ஒரு படகு கட்டப்பட்டு ஆற்றில் இறங்குகிறது. நோய் தீர்ப்பவர் ஒருவர், கோயில் பூசகர் ஒருவர், எரிதுறைக்கு நெருப்பளிக்கும் உரிமை பெற்ற டோம் ராஜா ஆகிய மூவரை ஒளிப்பதிவுக் கருவி மீண்டும் மீண்டும் தொடர்கிறது.

அழகான படம், இதில் ஐயமில்லை. பூவும் விறகும் மூங்கிலும் முதலில் தத்தம் வேலையில் இருக்கின்றன. அவை எங்கே போய்ச் சேருகின்றன என்பதைப் பார்ப்பவரே மெல்ல மெல்லக் கண்டுகொள்கிறார். எரியும் உடலைக் காட்டி அதிர்ச்சியூட்டுவது கார்ட்னரின் நோக்கமன்று. சிதை நெருங்கும்போது நாம் ஏற்கெனவே அதற்குப் பழகியிருக்கிறோம். பயணிகளின் ஆல்பங்களிலும் வெள்ளையர் ஆட்சிக்கால அஞ்சலட்டைகளிலும் எரிதுறை ஒரு விந்தைக் காட்சியாகவே விற்பனையாகி வந்தது. அந்த விற்பனைக்கு இப்படம் உடந்தையாகவில்லை. மறைபரப்புக்குப் பொருள் திரட்டிய பழைய மேல்நாட்டு இதழ்கள், 'இருளில் வாழ்வோர்' என்று காட்டுவதற்கு நம் நாட்டுச் சடங்குப் படங்களை அச்சிட்டதும் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் கார்ட்னர் எவ்வளவோ உயர்ந்தவர்.

ஆயினும் படம் வெளிவந்த சில ஆண்டுகளிலேயே மானிடவியலாரிடையே கடும் விவாதம் எழுந்தது. காசியின் இறப்புச் சடங்குகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 1994-இல் அது குறித்து ஒரு பெருநூல் வெளியிட்ட ஜோனதன் பாரி, கண்டித்தவர்களுள் ஒருவர். விளக்கமின்றிக் காட்டினால், இந்தியாவைப் புரியாத புதிராக எண்ணும் மேல்நாட்டாரின் பழைய எண்ணமே உறுதிப்படும் என்பது அவர் வாதத்தின் சாரம். அனுபவத்தைச் சொல்லால் மறைக்காமல் நேரே தந்தார் என்று கார்ட்னரைப் பாராட்டியோரும் உளர். சுவையான பின்குறிப்பு ஒன்று: 2001-இல் கார்ட்னரும், உடன் தயாரித்த ஆகோஷ் ஊஸ்டர் என்னும் மானிடவியலாரும், காட்சிக்குக் காட்சி உரையாடி ஒரு முழு நூலே வெளியிட்டனர். விளக்கம் தேவையில்லை என்று எடுக்கப்பட்ட படத்திற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து ஒரு நூலளவு விளக்கம்!

பாரியின் கண்டனம் மேல்நாட்டுப் பார்வையாளரைக் கருதியது. நமக்குத் தோன்றும் குறை வேறு. நம் ஊர்ச் சாவு பேசும் சாவு. ஒப்பாரியில் இறந்தவரை 'என்னைப் பெத்த ராசா' என்றும் 'எங்கூடப் பொறந்த பொறப்பே' என்றும் விளித்துக் கேள்வி கேட்பார்கள், குறை சொல்வார்கள், பாகம் பிரிந்த கதையையும் கடன் பட்ட கதையையும் எடுத்துரைப்பார்கள். கட்டிக்கொண்டு அழும் இரு பெண்களுள் ஒருத்தி மற்றவளுக்கு எந்த நாளிலோ செய்த தீங்குகூட அந்த அழுகையில் வெளிவரும். கார்ட்னரின் முறையில் இதைப் படமாக்கினால் எஞ்சுவது ஓசை மட்டுமே. சொல் போனால் ஆளும் போகிறார். யாரோ ஒருத்தி யாருக்காகவோ அழும் உருக்கமான காட்சியொன்று மிஞ்சும். காசி எரிதுறையில் பெண்கள் வருவதும் வாய்விட்டு அழுவதும் அரிது. அமைதியே அங்கு மரபு. அதனால் பேச்சற்ற படம் அங்கே ஓரளவு பொருந்திற்று. அங்கும்கூட, பாடையில் வரும் எவருடைய பெயரும் நமக்குத் தெரிவதில்லை. மூன்று பேரைத் தவிர ஏனையோர் அனைவரும் புகைக்குள் வந்து புகைக்குள் போகிறார்கள்.

சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' 1956-இல் வந்தது. அதுவும் காசிதான், அதே கங்கைப் படித்துறைகள்தான். தந்தை ஹரிஹரன் கங்கை நீரைப் பருகி உயிர்விடும் கணத்தில், புறாக்கூட்டமொன்று சிறகடித்து வானில் எழுகிறது. அவர் யார், மனைவி யார், மகன் யார் என்பதை நாம் முன்பே அறிவோம். அதனால் இறப்பவரின் முகத்தைத் துருவ வேண்டிய தேவை ராய்க்கு ஏற்படவில்லை. புனைகதைக்கு இது எளிது. ஆவணப்படத்திற்கு அரிது என்று மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. ஆனாலும் பெயரறிந்த ஒருவரின் சாவைப் பார்ப்பதும், பெயரற்ற சாவுகளைப் பார்ப்பதும் வெவ்வேறு செயல்கள் என்பதை ராய் நமக்கு உணர்த்துகிறார்.

நம் நாட்டின் மிகப் பெரிய இறுதிச் சடங்கொன்றிலேயே இக்கேள்வி எழுந்ததுண்டு. 1948 ஜனவரி 30 அன்று மாலை காந்தியடிகள் சுடப்பட்டார். பிர்லா இல்லத்தில் கிடத்தப்பட்ட உடலைப் படமெடுக்க, 'லைஃப்' இதழின் மார்கரெட் பர்க்-ஒயிட் கருவியை மறைத்து எடுத்துச் சென்று பிளாஷ் விளக்கை ஒளிரவிட்டார். சுற்றியிருந்தோர் கொதித்தனர்; படச்சுருள் பறிபோனது; அவரும் வெளியேற்றப்பட்டார். அதே நாளில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி கார்த்தியே-பிரேசோனும் அங்கிருந்தார். சுடப்படுவதற்குச் சற்று முன்புதான் காந்தியடிகளைச் சந்தித்துத் தம் படங்களைக் காட்டிவிட்டு வந்தவர் அவர். சிறிய லைக்கா கருவி. இருக்கும் வெளிச்சமே போதும் என்ற பழக்கம். அழும் முகங்களையும், வாயிற்கதவில் ஏறி நின்று செய்தி சொல்லும் நேருவையும், மறுநாள் யமுனைக் கரையில் சிதையைச் சூழ்ந்த மக்கள் வெள்ளத்தையும் அவர் எடுத்த படங்கள் உலகெங்கும் பரவின.

ஒருவர் ஒளியைப் பாய்ச்சினார், மற்றவர் பாய்ச்சவில்லை என்பதோடு இதை முடித்துவிடுவோர் உண்டு. அடக்கமான கருவி வைத்திருந்தால் மரியாதையும் உடன் வந்துவிடும் என்பது அவர்கள் எண்ணம். நாம் அதை ஏற்க இயலாது. இன்றைய கைப்பேசிக்கு ஒளியும் வேண்டாம், ஓசையும் இல்லை. பர்க்-ஒயிட் அம்மையாரைக் காட்டிக்கொடுத்தது அந்த ஒளி. அது இல்லாவிட்டால் அங்கிருந்தோர்க்குத் தடுக்க வழியே இருந்திராது. தெரியாமல் எடுப்பது எளிதாகிவிட்ட காலத்தில், கேட்டு எடுப்பது முன்னைவிடத் தேவையாகிறது.

கேட்டு எடுத்தவர்கள் நம் ஊரிலேயே இருந்தார்கள். அவர்களைக் கலைஞர்கள் என்று எந்த விமர்சகரும் எழுதியதில்லை. கடைத்தெருவில் நிழற்பட நிலையம் வைத்திருந்தவர்களையே குறிப்பிடுகிறோம். சாவு விழுந்த வீட்டிலிருந்து ஆள் போய் அவர்களை அழைத்து வரும். இறந்தவரைக் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்கார வைத்து, மாலையிட்டு, பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் இருபுறமும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். மூடிய கண்களைத் திறந்தவைபோலத் தூரிகையால் தீட்டிக் கொடுத்தோரும் உண்டு. வாழ்நாளில் ஒரு முறையும் படமெடுத்துக்கொள்ளாத எத்தனையோ ஏழைகளுக்கு அதுவே முதல் படம். நம் கத்தோலிக்க வீடுகளிலும் வழக்கம் இதுவே. பெட்டியைத் தலைப்பக்கம் சற்று உயர்த்தி வைத்து, பின்னால் குடும்பத்தார் வரிசையாக நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம் மாதா படத்திற்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும். மேல்நாட்டு விருந்தினர் அதைக் கண்டு திடுக்கிடுவதுண்டு. நமக்கு அதில் திடுக்கிட ஒன்றுமில்லை; அது எங்கள் அப்பாயி.

இப்படங்களைக் கலைநயத்தால் அளந்தால் கார்ட்னரின் ஒரு காட்சிக்கும் ஈடாகா. எல்லாரும் விறைத்து நிற்பார்கள்; ஒளி சமமாக இராது; ஓரத்தில் யாருடைய கையோ தெரியும். ஆனால் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர்கள் வீட்டார். மூத்த மகன் எங்கே, மருமகள் எங்கே, வராதிருந்த தம்பிக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. படத்தின் பிரதியும் அவர்களிடமே இருந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் துணையோடு பழைய தமிழ் நிழற்பட நிலையங்களின் படங்களைத் திரட்டி மின்னுருவில் பாதுகாத்துள்ளது. அந்நிலையங்களின் மதிப்பை ஆய்வுலகம் இப்போதாவது கண்டுகொண்டது மகிழ்ச்சிக்குரியது.

அந்நிலையத்தார்க்கு ஓர் எல்லையும் தெரிந்திருந்தது. கணவனை இழந்தவளின் தாலியை வாங்கும் சடங்கு பல சமூகங்களில் விடியுமுன், கைம்பெண்கள் மட்டும் சூழ்ந்திருக்க நடப்பது. உடன்பிறந்தவனே அப்போது விலகி நிற்பான். படக்காரரை யாரும் அங்கே அழைத்ததில்லை, அவரும் போனதில்லை. ஒளிப்பதிவு மலிந்த பின் அந்த எல்லையும் மீறப்படுவதாகக் கேள்வியுறுகிறோம். அச்சடங்கே வேண்டாம் என்று வாதிடுவோர் பக்கமே நாம். அதற்காக அதைப் படம் பிடித்துப் பரப்பும் உரிமை வெளியாருக்கு வந்துவிடாது. அந்தப் பெண் விரும்பிப் பேசினால் அது வேறு.

இவ்வளவும் சொன்னபின், வீட்டார் அனுமதியே எப்போதும் முடிந்த முடிவு என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். 2021-ஆம் ஆண்டு நம்மை அப்படி எழுதவிடவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கொரோனாவின் இரண்டாம் அலையில் தில்லியின் சுடுகாடுகளில் இடமின்றி, வண்டி நிறுத்தும் திடல்களிலும் சிதைகள் எரிந்தன. ராய்ட்டர் நிறுவனத்தின் டேனிஷ் சித்திக்கி வானிலிருந்து எடுத்த படங்களில் அவை வரிசை வரிசையாக ஒளிர்ந்தன. இந்துக்களின் புனிதச் சடங்கை உலகச் சந்தையில் கடைவிரிக்கலாமா என்று கேட்டவர்கள் பலர். அக்கேள்வியை முற்றும் தள்ளிவிட முடியாது; வேறு நாடுகளில் பிணவறைகளை அவ்வளவு தாராளமாகக் காட்டவில்லை என்ற வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் சுடுகாட்டில் எரிந்த உடல்களும் அரசு வெளியிட்ட எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்று அந்நாளில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. மே மாதத்தில் பீகாரின் பக்ஸரில் கங்கையில் உடல்கள் மிதந்தன. பிரயாக்ராஜில் மணலில் புதைத்தவை தெரிந்தன. அந்நிலையில் அப்படங்கள் சாட்சியாயின. உயரத்திலிருந்து எடுத்ததால் முகங்களும் அடையாளம் காணக்கூடியவையல்ல. சித்திக்கி அதே ஆண்டு ஜூலையில் ஆப்கானிஸ்தானில் கொல்லப்பட்டார். 2022-இல் அவருக்கும் அவருடைய சக படக்காரர் மூவருக்கும் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவ்வானப் படங்கள் எடுக்கப்பட்டது சரியே என்பது நமது துணிபு. அவற்றையே கணினித் திரைக்கு அழகுப் படமாக வைத்துக்கொள்பவர் இருந்தால் அவரோடு நமக்கு உடன்பாடில்லை.

ஒருவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எரியும் கரையில் எடுக்கப்படும் ஏறக்குறைய எல்லாப் படங்களிலும் அவர் இருக்கிறார். கழியால் சிதையைப் புரட்டும் கை அவருடையது. பறையடிக்கும் கையும் அவர் உறவினருடையது. கார்ட்னரின் டோம் ராஜா செல்வாக்குள்ளவர். பணத்துக்குப் பேரம் பேசுகிறார். கருவியின் முன் தன் விருப்பப்படி அமர்கிறார். அவருக்குக் கீழ் விறகு சுமந்து சாம்பல் அள்ளுவோர் அப்படியல்லர். நம் ஊர்களிலும் வெட்டியான் என்று அழைக்கப்பட்டுத் தலைமுறைகளாக அவ்வேலையில் பிணைக்கப்பட்டவர் தலித் மக்களே. போட்டிக்கு அனுப்பும் படங்களில் புகை நடுவே வியர்வை மின்ன நிற்கும் உருவம் பெரும்பாலும் அவருடையது. இறந்தவர் வீட்டாரிடம் அனுமதி கேட்கும் நல்ல படக்காரர்கூட அவரிடம் கேட்பதில்லை. அவரைச் சடங்கின் ஒரு பகுதியாகவே நினைத்துவிடுகிறார். தாம் அந்த வேலையில் இருப்பது ஊருக்கு வெளியே தெரிய வேண்டாம் என்று, கல்லூரியில் படிக்கும் மகளின் பொருட்டு, அவர் எண்ணக்கூடும்.

இதில் நாம் அயலாரை மட்டும் நோக்கிப் பேச இயலாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியால் எழுந்த சுவர் செய்தித்தாள்களில் இடம்பெற்றதை வாசகர் அறிவர். அந்தச் சுவரைப் படமெடுத்தவரிடம் 'எங்கள் புனித இடத்தை அவமதிக்கிறாய்' என்று ஒருவர் சொல்லியிருந்தால் நாம் யார் பக்கம் நின்றிருப்போம்?

கார்ட்னரின் படத்தை நம் பங்குகளின் இளைஞர் கூட்டங்களில் திரையிடலாம் என்பது நமது பரிந்துரை. பார்த்து முடித்தபின் கேள்வி கேட்பதைவிட, ஒப்பாரி தெரிந்த மூதாட்டி ஒருவரையும், பழைய நிழற்பட நிலையம் நடத்தியவர் ஒருவரையும், கொள்ளிடக்கரைச் சுடுகாட்டில் வேலை பார்த்தவர் ஒருவரையும் அழைத்து, அவர்களோடு சேர்ந்து பார்ப்பது நல்லது. 90 நிமிடப் படத்திற்கு இரண்டு மணி நேரம் ஆகலாம். அவர்கள் இடையிடையே நிறுத்தச் சொல்வார்கள்.